விவசாயி நிற்க வேண்டிய இடம்

எங்கள் நிலம் எதுவென்று அப்பாவுக்குத் தெரியாது என்பதை வேளாண் ஆபீசர் வந்த அன்றுதான் நான் தெரிந்துகொண்டேன்.

அப்பா ஆரணிப் பட்டு நெய்பவர். முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டுக்குள்ளேயே தறி இருந்தது. காலையில் தறிக்குழியில் கால் வைத்தாரென்றால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். பாகப் பிரிவினையில் அவர் பங்குக்கு வந்த ஏரிக்கரை நிலத்தைக் கல்யாணமாகி வந்ததிலிருந்தே அம்மாதான் பார்த்துவந்தாள். நிலத்தைப் பற்றி யார் என்ன கேட்டாலும், “அவங்களக் கேளுங்க” என்று அப்பா சமையலறைப் பக்கம் கையைக் காட்டிவிடுவார்.

ஒரு வருடம் அம்மா யூரியா போடுவதை அடியோடு நிறுத்தினாள். எரு அடித்தாள், தழையுரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதாள். மாடு வைத்திருப்பவர்கள் வீட்டு வாசலில் விடியற்காலையில் குடத்தோடு நின்று கோமியம் வாங்கிவந்தாள். பள்ளித் தோழிகள் பார்த்துவிடப் போகிறார்களே என்று நான் தெருவின் எதிர்ப்பக்கமாக நடப்பேன். முதல் விளைச்சல் நோஞ்சானாக வந்தது. பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அம்மா மறுபடியும் தக்கைப்பூண்டு விதைத்தாள்.

இப்படி மண்ணைக் காப்பாற்றுகிறவர்களுக்கு அரசாங்கம் ஊக்கத்தொகை தருகிறது என்று எங்கள் ஊரில் பேச்சு வந்தபோது, அம்மா விண்ணப்பம் எழுதிப் போட்டாள். பட்டா அப்பா பெயரில் இருந்ததால் விண்ணப்பமும் அப்பா பெயரில்தான் போயிற்று. பணம் வந்ததும் மாடு வாங்குவதாகத் திட்டம். நான் அதற்குச் செவ்வந்தி என்று பெயரும் வைத்தாயிற்று.

ஆபீசர் நிலத்தைப் பார்க்க வந்த அன்று அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டார். விசாரணையில் ஏதாவது சிக்கல் வந்தால் பேசலாமென்று பெரியப்பாவும் வந்திருந்தார். ஆபீசர் சின்ன வயதுக்காரர், நல்ல மனிதர். செல்போனைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஐயா, உங்க நெலத்துல எறங்கி நில்லுங்க. விவசாயியோட சேர்த்து ஒரு போட்டோ எடுக்கணும்” என்றார்.

அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரப்பில் பார்த்துப் பார்த்து நடந்துபோய், செழிப்பாக இருந்த ஒரு கேழ்வரகுக் கொல்லையில் இறங்கி நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

ஆபீசர் செல்போனைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். “சர்வே நம்பர் வேற காட்டுதே.”

“அது பக்கத்து வூட்டுக்காரங்களுது. இந்தாண்ட வாங்க” என்றாள் அம்மா, முந்தானையால் வாயை மூடியபடி. பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் நிலத்தில் தக்கைப்பூண்டு காடு மாதிரி வளர்ந்து கிடந்தது. அதைக் கவனிப்பாரற்ற நிலம் என்று அப்பா நினைத்திருக்கிறார்.

ஒருவழியாக அவர் அதில் வந்து நின்றார். எப்போது விதைத்தீர்கள், எப்போது உழப்போகிறீர்கள் என்று ஆபீசர் கேட்க, அம்மா பின்னாலிருந்து முணுமுணுப்பாகப் பதில் சொன்னாள். “ஐயா சொல்லட்டும்மா” என்றார் ஆபீசர்.

அப்பா வரப்பேறி வந்துவிட்டார்.

“எனக்குத் தெரியாதுங்க சார். நெலம் எம் பேர்ல கீது, அவ்ளோதான். பயிர் வெக்கிறதெல்லாம் எங்க வீட்லதான். அவங்க பேர்ல போட்டுக்கோங்க.”

“பட்டா யார் பேர்ல இருக்கோ அவங்க பேர்லதான் போட முடியும். நீங்க சும்மா நில்லுங்க, எடுத்துக்கினு போயிட்றேன்.”

“டேய், பேஜார் பண்ணாத. ஜல்தியா நின்னு முடி” என்றார் பெரியப்பா. அம்மாவும், “எம் பேரு இப்ப எதுக்கு? நில்லுங்களேன்” என்று கெஞ்சினாள்.

“நான் நெய்யிற பொடவையப் புடிச்சிக்கினு இன்னொருத்தன் நின்னு போட்டோ எடுத்தா எனக்கு எப்படி இருக்கும்?” என்றார் அப்பா. எவ்வளவு சொல்லியும் மறுபடி நிலத்தில் இறங்கவில்லை. ஆபீசர் பெருமூச்சு விட்டு, பட்டாவை மாற்றிக்கொண்டு அடுத்த முறை விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். செவ்வந்தி கைவிட்டுப் போன துக்கத்தில் நான் அன்று அப்பாவோடு பேசவில்லை.

ஆவணி முகூர்த்தத்துக்கான புடவை தறியில் பாதியில் நின்றது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பத்திரப் பதிவுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்தார். அப்பன் பாட்டன் சொத்தைப் பெண்டாட்டி பெயருக்கு எழுதுகிறான் என்று பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். பட்டா அம்மா பெயருக்கு வந்த அன்று, அப்பா தறியில் உட்கார்ந்து மறுபடி நெய்ய ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த வருடம் அதே ஆபீசர் வந்தார். தக்கைப்பூண்டு இடுப்பு உயரத்துக்கு மஞ்சளாகப் பூத்திருக்க, அம்மா அதன் நடுவில் போய் நின்றாள். அப்பா வரப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆபீசர் ஒவ்வொன்றாகக் கேட்டுச் செல்போனில் பதிந்தார். அம்மா பெயர் சொன்னாள். ஊர் சொன்னாள்.

“தொழில்?”

அம்மா சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. ஆபீசருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. “என்னம்மா?” என்றார்.

“விவசாயி” என்றாள் அம்மா. இந்த முறை ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

போட்டோ எடுத்து முடித்ததும் அவள் நேராகப் பம்புசெட்டுக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கண்கள் சிவந்திருந்தன. பூவிலிருந்து ஏதோ பூச்சி பறந்து கண்ணில் விழுந்துவிட்டது என்று நினைத்து, “ஊதட்டுமா?” என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. குனிந்து, கண்ணை அகல விரித்துக் காட்டினாள். நானும் என் பலமெல்லாம் சேர்த்து ஊதினேன்.