என் போனில் ஓடாத ஃபைல்

அன்றைக்கு எங்கள் மிளகுக் காட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி, பக்கத்துக் காட்டு மச்சான், மிளகுக் கொடி வாடினால் என்ன மருந்து என்று சொல்லும் ஆப் செய்ய வந்த மனிதர். நல்ல உயரம், கழுத்தெல்லாம் வேர்வை. இருப்பதிலேயே பழைய போன் யாருடையதோ, அதை வாங்கி அதில்தான் மருந்து சொல்லும் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்பார். அன்று அது என்னுடையது.

நான் ஆறாவதோடு நின்றவன். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் கொடி காய்ந்துவிடும். குரலாக வந்தால்தான் எனக்கு ஆகும்.

“ஏனுங்க, வீடியோவாப் போட்டுற மாட்டீங்களே? இங்க டவரே ஒத்தக் கோடுதானுங்க.”

“எத்தன தடவ கேப்பீங்கண்ணா? எம்பி த்ரீதான், வெறும் குரல். உங்க போன்ல ஓடாதத நான் போடவே மாட்டேன்.”

“என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தானுங்க, நாலு தடவ கேட்டாரு” என்றாள் மனைவி. ஆப்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவரை நம்பி, எந்தப் போனிலும் ஓடும் என்று ஊருக்கெல்லாம் நானே சொன்னேன். மழையோடு ஆப் வந்தது. எல்லாமே வீடியோ. என் போனில் திறக்கவே இல்லை. மச்சான் இதற்கென்றே ரீசார்ஜ் செய்திருந்தார். பாதி வீடியோ ஓடுவதற்குள் அன்றைய நெட் தீர்ந்தது. மருந்து தெரியாமல் எட்டுக் கொடி போயிற்று.

ஆப்காரருக்குப் போன் செய்து கேட்டேன். “ஆபீஸ்ல காட்டுறப்ப வீடியோதாண்ணா எடுப்பா இருந்துச்சு” என்றார். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. தெரிந்தே செய்தவருக்கு அது எங்கிருந்து வந்ததென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

“உன் பேச்சக் கேட்டதுக்கு ரீசார்ஜ் காச நீதான் மாப்ள தரோணும்” என்கிறார் மச்சான். நான் தர வேண்டியது நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.