நாலாம் நம்பர் அறைக்கு வந்த விண்ணப்பம்

பெற்ற மகள் தாய்வீட்டுக்கு வருவதற்கு விண்ணப்பம் போட்டால் எந்தத் தாய்க்குத்தான் வயிறு எரியாது? புர்கிக்கு எரிந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தலையணை உறையின் மேல் அப்படியே வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றவள், கருகல் நாற்றம் மூக்கில் ஏறிய பிறகுதான் சுதாரித்தாள். வெள்ளை உறையில் பெட்டியின் தடம் பழுப்பாக விழுந்துவிட்டது. அதற்கும் சேர்த்து மகளையே திட்டினாள்.

விண்ணப்பம், புர்கி வீட்டிலேயே நடத்தும் விடுதியின் இணையப் பக்கம் வழியாக வந்திருந்தது. முன்பின் தெரியாத யாரோ அனுப்புவது போல எல்லாக் கட்டங்களையும் ஒழுங்காக நிரப்பியிருந்தாள். பெயர்: வெரேனா ஹோல்சிங்கர். ஊர்: கிராஸ். பெரியவர் ஒருவர். வருகை டிசம்பர் 22, புறப்பாடு ஜனவரி 2. அறை: நாலாம் நம்பர் மட்டும். ‘சிறப்பு விருப்பங்கள்’ என்ற கட்டத்தில் மூன்று வரி எழுதியிருந்தாள். ஜன்னலோர மேசை வேண்டும். காலையில் முட்டை எனக்குப் பிடித்த மாதிரி வேண்டும். கிறிஸ்துமஸ் டிசம்பர் 24ஆம் தேதியே வேண்டும்.

“என்ன கொழுப்பு பாத்தியா இவளுக்கு!” என்று போனை கோர்டுலாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள் புர்கி.

கோர்டுலா, பனிச்சறுக்குக்கு ஆள் வரும் எங்கள் மலையூர் ஓபர்மோஸின் சுற்றுலாச் சங்கச் செயலாளர். பக்கத்து வீட்டுக்காரியும்கூட. அன்றைக்கு அவள் வந்திருந்தது வேறு காரியமாக. காசெல் ஊரிலிருந்து வரும் லாடேவிக் தம்பதி, புர்கியின் விடுதியில் கிறிஸ்துமஸ் கழிப்பது இது முப்பதாவது வருஷம். முப்பது வருஷம் தவறாமல் வரும் விருந்தாளிக்கு எங்கள் ஊரில் வெள்ளிப் பதக்கம் குத்துவது வழக்கம். மேயர் வருவார், பேண்டு வாசிப்பார்கள், எல்லோரும் ஆளுக்கொரு கிண்ணம் பழச்சாராயம் குடிப்பார்கள். பெற்ற பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனபோது யாரும் பேண்டு வாசித்ததில்லை. அது வேறு கதை.

“கேட்டதுல என்ன தப்புக்கா?” என்றாள் கோர்டுலா. “ரூமைக் குடுத்துட்டுப் போ.”

“நாலாம் நம்பரையா? அதுலதானே உன் பதக்கக்காரரு வந்து இறங்குறாரு! மத்த ரூமெல்லாம் இவ கண்ணுக்குத் தெரியலையாமா? வேணும்னே கேக்கிறாடி. என்னைக் குத்திக் காட்டணும்னே கேக்கிறா.”

சுவரில் பெரிய தாள் ஒன்று தொங்கியது. ஒவ்வொரு அக்டோபரிலும் புர்கி கோடு போட்டுத் தொங்கவிடுவது. இடப்பக்கம் ஆறு அறைகள், மேலே தேதிகள், நடுவில் பென்சிலால் பெயர்கள். பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் அவரவர் விருப்பங்கள். ‘லாடேவிக்: முட்டை வேக நாலரை நிமிஷம். மனைவி ஹெல்கா: ஆறு நிமிஷம். தலையணை இரண்டு. பூண்டு ஆகாது.’ இணையம் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவள் நம்பியது இந்தத் தாளை மட்டும்தான்.

புர்கியின் முழுப் பெயர் நோட்புர்கா. வயது அறுபத்திரண்டு. இருபத்து நாலு வயதில் அலோய்ஸைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தாள். அலோய்ஸுக்கு மலைச்சரிவில் பனியைச் சமன் செய்யும் வண்டி ஓட்டுகிற வேலை. ஊருக்கெல்லாம் பண்டிகை என்றால் அவனுக்கு அன்றைக்குத்தான் இரட்டை வேலை. வாசலில் ‘அறை உண்டு’ என்று பலகை மாட்டினார்கள். ஓபர்மோஸில் பலகை மாட்டாத வீடு ஏது? முதலில் இரண்டு அறை, பிறகு நாலு, பிறகு ஆறு.

இத்தனை அறைகள் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்கவில்லை. எங்கிருந்து வரும்? பிள்ளைகளின் அறைகள்தான். டிசம்பர் இருபதாம் தேதி ஆனால், ஊரெங்கும் பிள்ளைகள் தலையணையையும் பள்ளிக்கூடப் பையையும் தூக்கிக்கொண்டு கூரையடிப் பரணுக்கு ஏறுவார்கள். அவர்கள் கட்டிலில் புது விரிப்பு விரித்து, அவர்கள் படங்களைச் சுவரிலிருந்து கழற்றி, கதவில் பித்தளை நம்பர் அடித்து விருந்தாளியை உள்ளே விடுவார்கள். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம் எப்படித் தப்பாகப் படும்?

வெரேனாவுக்கு ஆறு வயதில் அவள் அறை நாலாம் நம்பர் ஆனது. அந்த வருஷமே லாடேவிக் குடும்பம் வந்து இறங்கியது. பரணில் ஆப்பிள் கூடைகளுக்கு நடுவே மெத்தை போட்டுக் கொடுத்தாள் புர்கி. கூரையில் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி முனைகளில் உறைபனி வெள்ளையாகப் பூத்திருக்கும். குழந்தை போர்வைக்குள் தொப்பி போட்டுக்கொண்டு தூங்கும்.

எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் இருபத்து நாலாம் தேதி மாலையே. குழந்தை இயேசு வந்து பரிசு வைத்துவிட்டுப் போனதற்கு அடையாளமாகக் கூடத்தில் மணி அடிக்கும். லாடேவிக்கின் இரண்டு பிள்ளைகளும் கத்திக்கொண்டு கிறிஸ்துமஸ் மரத்தடிக்கு ஓடுவார்கள். வெரேனா ரொட்டிக் கூடையைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நிற்பாள். “எனக்கும்மா?” என்று முதல் வருஷம் கேட்டாள். “தூரத்துலேருந்து வந்தவங்களுக்கு முதல்ல, உள்ளூர்க்காரங்களுக்கு அப்புறம்” என்றாள் புர்கி. கைநிறையச் சூப்புத் தட்டுகள் இருந்தன, நின்று பேச நேரமில்லை. அந்த வீட்டுக் குழந்தைக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழாம் தேதி வந்தது. கடைசி விருந்தாளியின் கார் வளைவில் மறைந்த பிறகு, இலை உதிர்ந்த அதே மரத்தடியில். பன்னிரண்டு வருஷம் அப்படியே போனது. பிறகு வெரேனா கிராஸுக்கு நர்ஸ் படிப்புக்குப் போனாள். அப்புறம் கிறிஸ்துமஸுக்கு வரவே இல்லை.

கோர்டுலா படியிறங்கியதும் புர்கி மகளுக்குப் போன் போட்டாள்.

“என்னடி இது கூத்து? வரணும்னா வாயைத் திறந்து சொல்ல மாட்டியா? ஃபார்ம் எதுக்குடி ஃபார்ம்?”

“பதினெட்டு வருஷமா வாயைத் திறந்து சொல்லிட்டுத்தாம்மா இருக்கேன். ‘ஏழாம் தேதிக்கு மேல வா, எந்த ரூம் வேணும்னாலும் எடுத்துக்கோ’ன்னுதானே சொல்ற? ஃபார்ம்ல வந்தாத்தான் உனக்குக் காது கேக்குது. அதான் போட்டேன். ரூம் இருக்கா இல்லையா?”

“நாலு லாடேவிக்குக்குன்னு உனக்குத் தெரியாதா? இந்த வருஷம் அவருக்குப் பதக்கம் வேற!”

“நல்லாக் குத்துங்க. என் கட்டில்ல முப்பது வருஷம் படுத்ததுக்குப் பதக்கம்! நான் பரண்ல படுத்ததுக்கு என்னம்மா குடுப்பீங்க?”

“வாயைக் கிழிச்சிருவேன். அந்த ரூம்லேருந்து வந்த காசுலதான்டி நீ படிச்ச!”

“தெரியும். அதனாலதான் சும்மாவும் கேக்கல, கட்டணம் கட்டறேன்னுதான் கேட்டிருக்கேன். விருந்தாளிங்ககிட்ட பேசுவியே ஒரு தேன் குரல், அந்தக் குரல்ல என்கிட்ட ஒரு வாட்டியாவது பேசியிருக்கியா? இப்பவும் பாரு, கத்துற. நல்லாக் கேட்டுக்கோம்மா. இதுதான் கடைசி. ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லு. ரூம் இல்லைன்னா எனக்கு அந்த ஊரும் இல்ல, வீடும் இல்ல. இனிமே ஜனவரி ஏழும் கிடையாது.”

போன் வைக்கப்பட்டது. புர்கி அதைச் சோபாவில் வீசினாள். அது எகிறித் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தாள், உடையவில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வெள்ளியும் சனியும் வீட்டில் எது கையில் பட்டாலும் சத்தம் வந்தது. அடுப்புக் கதவு அறைந்தது, வாளி உருண்டது. நன்றி கெட்டவள், கல்நெஞ்சுக்காரி என்று மகளைத் திட்டிக்கொண்டே ஆறு அறைகளின் ஜன்னலையும் துடைத்தாள். நாலாம் நம்பரைத் துடைக்கும்போது, ஜன்னல் கட்டையின் அடிப்பக்கம் துணி எதிலோ சிக்கியது. குனிந்து பார்த்தாள். குழந்தைக் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணியால் கீறிய கோடுகள் இருந்தன. விருந்தாளி வர, தான் பரணுக்கு ஏற இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளை எண்ணியிருக்கிறது. துணியை வாளியில் எறிந்துவிட்டு அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்தாள். தன் வீட்டில் அந்தக் கட்டிலில் அவள் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் காசெலுக்குப் போன் போட்டாள். குரல் தானாகவே தேனாகிவிட்டது.

“லாடேவிக் சார், வணக்கம். புர்கி பேசறேன்.”

“புர்கி! இந்த வருஷம் பனி இருக்குமா?” முப்பது வருஷமாக அவருடைய முதல் கேள்வி அதுதான்.

“கண்டிப்பா இருக்கும் சார்.” முப்பது வருஷமாக அவள் பதிலும் அதுதான். வானத்தை அவள் கேட்டுச் சொன்னதில்லை. “ஒரு சின்ன விஷயம். இந்த ஒரு வருஷம் மட்டும் நீங்க ரெண்டாம் நம்பர்ல தங்கிக்க முடியுமா? அதுவும் நல்ல வெளிச்சமான ரூம்தான்.”

மனுஷன் கோபித்துக்கொள்ளப் போகிறார், முப்பது வருஷ உறவு போச்சு என்றே புர்கி நினைத்தாள்.

“புர்கி,” என்றார் லாடேவிக் மெதுவாக. “உண்மையைச் சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே? ஹெல்காவுக்கு அஞ்சு வருஷமாவே அங்க வர இஷ்டமில்ல. பேரப் பிள்ளைங்களோட வீட்லயே பண்டிகை கொண்டாடணும்ங்கறா. எனக்கும் முட்டி போயிடுச்சு, பனிச்சறுக்கு விட்டு நாலு வருஷம் ஆச்சு.”

“அப்புறம் ஏன் சார் வந்தீங்க?”

“உங்களுக்காகத்தான். அலோய்ஸ் போனதுக்கப்புறம் தனியா இருக்கீங்க. அந்த ரூமை எங்களுக்குன்னே எடுத்து வைக்கறீங்க. நாங்களும் வரலைன்னா மனசு ஒடிஞ்சுடுவீங்களோன்னு…”

புர்கியின் தேன் குரல் போன இடம் தெரியவில்லை.

“எனக்காகவா! நீங்க எனக்காகவும் நான் உங்களுக்காகவும் பல்லைக் கடிச்சுட்டு இருந்தோமா? அது என் பொண்ணோட ரூம் சார்! அவ பரண்ல குளிர்ல கிடந்தா சார், நீங்க இங்க படுத்திருந்தப்ப!”

“உங்க பொண்ணோட ரூமா?” லாடேவிக்கின் குரலில் நடிப்பில்லை. “கடவுளே! எங்களுக்குத் தெரியாதே புர்கி. நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே. சொல்லியிருந்தா முதல் வருஷமே வேற ரூம் கேட்டிருப்போமே.”

புர்கி அந்த மனுஷன்மேல் கோபப்படலாம் என்றுதான் வாயைத் திறந்திருந்தாள். அவர் அதற்கும் இடம் வைக்கவில்லை. அலோய்ஸைத் திட்டலாம் என்றால் அவன் ஏழு வருஷமாகக் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறான். ஊரைத் திட்டலாம், ஊருக்கு என்ன காதா இருக்கிறது? “பரவாயில்ல சார், இந்த வருஷம் பேரப் பிள்ளைங்களோடயே இருங்க. ஹெல்காவை விசாரிச்சதாச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டு, கையோடு கோர்டுலாவை அழைத்தாள்.

“பதக்க விழா கிடையாது. ஆள் வரலை. மேயருக்கு ஆசையா இருந்தா அவரே குத்திக்கட்டும்.”

“அக்கா, பேண்டுக்காரங்ககிட்டச் சொல்லியாச்சே!”

“வந்து ஊதச் சொல்லு. என் பொண்ணு வர்றா.”

ரப்பரை எடுத்துக்கொண்டு தாளுக்கு முன்னால் நின்றாள். ‘லாடேவிக்’ அழிந்தது. நாலரை நிமிஷம் அழிந்தது, ஆறு நிமிஷம் அழிந்தது, பூண்டும் தலையணையும் அழிந்தன. அழுத்தித் தேய்த்ததில் தாளில் ஒரு இடம் நைந்துபோனது. ‘வெரேனா’ என்று எழுதினாள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் எழுதப் போனவள் அப்படியே நின்றாள்.

மகளுக்குப் போன் போட்டாள்.

“நாலாம் நம்பர் உனக்குத்தான்,” என்றாள் எடுத்த எடுப்பில். குரல் சமையலறைக் குரல்தான், எவ்வளவு முயன்றும் தேன் வரவில்லை. “இருபத்து நாலாம் தேதியே மணி அடிக்கிறேன். ஜன்னலோர மேசை உனக்கு. கட்டணம்னு பேச்செடுத்தா செருப்பு பிஞ்சுடும்.”

“லாடேவிக்?”

“வரலை. அதை விடு. முட்டை எத்தனை நிமிஷம்டி உனக்கு?”



“பிடிச்ச மாதிரின்னு எழுதியிருந்தேனேம்மா.”

“எழுதியிருந்த. எனக்குத் தெரியல. லாடேவிக்குக்கு நாலரைன்னு தெரியும், அவர் பொண்டாட்டிக்கு ஆறுன்னு தெரியும், பெத்த பொண்ணுக்கு எத்தனைன்னு தெரியல. திட்டணும்னா திட்டித் தொலை.”

வெரேனா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எனக்கு முட்டையே பிடிக்காதும்மா,” என்றாள். “சின்ன வயசுலேருந்தே. நீ குடுக்கறதைப் பாக்கெட்ல போட்டுட்டுப் போய் கோர்டுலாக்கா வீட்டு நாய்க்குப் போடுவேன். நீ பாத்ததே இல்ல.”

புர்கி தாளைப் பார்த்தபடி நின்றாள். கண்ணில் நீர் முட்டியது, அது அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. ‘முட்டை வேண்டாம்’ என்று மகளின் பெயருக்குக் கீழே எழுதினாள். அழுத்தியதில் பென்சில் முனை ஒடிந்தது.

“இரு, வெச்சிடாதே,” என்றாள். மேசை இழுப்பறையைத் துழாவிச் சீவுளியை எடுத்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பென்சிலைச் சீவினாள். “உனக்கு என்னதான் பிடிக்கும்? மெதுவாச் சொல்லு, எழுதிக்கிறேன்.”