சர்க்கரைக்கு இடமில்லை

என் அக்காவின் கணவர் ஒரு பிஸ்கட் கம்பெனியின் லாரி ஓட்டுநர். எந்த வளைவிலும் தடுமாறாதவர், சாப்பாட்டு மேசையில்தான் தடம் புரண்டார். ஏற்றி இறக்கும்போது நசுங்கும் பெட்டிகளை ஓட்டுநரே எடுத்துக்கொள்ளலாம் என்பது அங்கே வழக்கம். அதனால் அவர் வீட்டு அடுப்பு, பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலை வைக்கும் மேடையாகப் பதவியிறக்கம் பெற்றது. காலையில் ரஸ்க், வண்டியில் உப்பு பிஸ்கட், மாலையில் கிரீம் பிஸ்கட். பாத்திரம் தேய்க்கும் வேலை ஒழிந்ததென்று அக்கா பூரித்தாள்.

பாக்கெட்டின் பின்புறத்தில் கடுகளவு எழுத்தில் இருப்பதை நான் படித்துக் காட்டுவேன். பள்ளியைப் பாதியில் விட்டவன். இந்தப் படிப்பு நூலகத்தில் நானாகத் தேடிக்கொண்டது. படித்த பாக்கெட் அட்டைகளைத் தேதியிட்டுப் பாதுகாத்தும் வருகிறேன். அதற்குக் கிடைத்தது ஒரு பட்டப்பெயர்.

"வந்துட்டான்டி உன் தம்பி, அட்டைப்பூச்சி! அட்டையையும் விடமாட்டான், நம்ம ரத்தத்தையும் விடமாட்டான்."

"சொம்பு சொம்பா தண்ணி குடிக்கிறீங்களே அத்தான், ஒரு தடவை சர்க்கரை பாத்துடுங்களேன்."

"கண்ணத் தொறந்து பாரு மச்சான். பிஸ்கட் பாக்கெட்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்கான், 'சர்க்கரைக்கு இடமில்லை'ன்னு. இதைத் தின்னா அது எப்படி வரும்?"

இனிப்புக்கும் நோய்க்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. கம்பெனி இனிப்பைச் சொன்னது; அத்தான் நோயைப் படித்தார். இருதரப்புக்கும் பரம திருப்தி. விளக்கம் சொல்லப்போன எனக்கு மட்டும் அவருடைய பிறந்தநாள் விருந்துக்கு அழைப்பு வரவில்லை.

ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. அது கிடைக்காவிட்டால் லாரி இல்லை. லாரி தவிர அவருக்கு வேறு தொழிலும் தெரியாது. அதற்கான மருத்துவப் பரிசோதனைக்குத் துணையாக அக்கா என்னை அனுப்பினாள்.

"சர்க்கரை இருக்கா?" என்றார் செவிலியர்.

"எங்க கம்பெனியில அதுக்கு இடமே இல்லம்மா," என்று அத்தான் சிரித்தார்.

கண் பரிசோதனைப் பலகையில் முதல் வரிக்குக் கீழே அவருக்கு எல்லாமே புகையாய்த் தெரிந்தது. ரத்தமும் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த மருத்துவர், "உள்ளே ஒரு மிட்டாய்க் கடையே நடத்துறீங்களே!" என்றார். சர்க்கரை இறங்கிக் கண் தெளியும்வரை உரிமம் கிடையாது.

வீடு திரும்பியதும் அத்தான் ஒரு பாக்கெட்டை நீட்டினார். "பின்னாடி என்ன எழுதியிருக்கான்? படி."

"மைதா, குளுக்கோஸ் பாகு, மால்டோடெக்ஸ்ட்ரின்..."

"சர்க்கரைன்னு எங்கயும் இல்லையே?"

"இல்ல அத்தான். உள்ள போனதும் அதுவும் சர்க்கரைதான். வேற பேர்ல டிக்கெட் எடுத்து ஏறியிருக்கு."

அத்தான் லாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து சாவியைப் பெற்றுக்கொண்டு, ஒரு பரிசுக்கூடையைக் கொடுத்தார். 'விரைவில் நலம் பெறுக' என்ற வாழ்த்துக்குக் கீழே அதே பிஸ்கட், இம்முறை நசுங்காமல். அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அத வச்சிட்டு அடுப்பப் பத்தவைடி," என்ற அத்தான், கூடையை என் பக்கம் தள்ளினார். "இந்தாடா அட்டைப்பூச்சி, அட்டை மொத்தமும் உனக்கு."