புடலங்காய்க்குக் கட்டிய காப்பு

மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில் இருந்து இரண்டு மணி நேரக் கார் ஓட்டம். தனி அறையில் தங்கிப் படிக்கப் போகிறேன் என்றாள். அந்த ஊரில் என் அக்கா வீடு இருக்க, தேத்தண்ணீர்கூடப் போடத் தெரியாத பிள்ளைக்கு எதற்குத் தனி அறை என்றேன் நான். மனைவி நடுவில் புகுந்து ஒரு நிபந்தனை வைத்தாள். இந்தக் கோடையில் பின்வளவில் ஒரு புடலங்கொடியை ஒருவர் துணையும் இல்லாமல் வளர்த்துக் காய் எடுத்தால் தனி அறை. இல்லாவிட்டால் அக்கா வீடு.

மகள் ஏப்ரலிலேயே ஜன்னலோரம் விதை போட்டாள். மே மாத லோங் வீக்கெண்ட் கழிந்து குளிர் விட்டதும் கன்றை நிலத்தில் வைத்து, பந்தலும் தானே கட்டினாள். பந்தல் கொஞ்சம் சாய்வுதான். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. வேலைக்குப் போகுமுன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவேன். அவளும் எழும்பி ஊற்றுவாள். இலை மஞ்சளாகத் தொடங்கியது. பிள்ளை அரை நாள் யூடியூப் பார்த்து, தண்ணீர் கூடிவிட்டதென்று கண்டுபிடித்துத் தான் ஊற்றுவதை நிறுத்தினாள். கொடி தேறிவிட்டது. எல்லாம் என் வாளியின் புண்ணியம் என்று எனக்குள் ஒரு பெருமை.

ஓகஸ்ட்டில் முதற்காய் இறங்கி, நுனி வளையத் தொடங்கியது. கல் கட்டினால் நேராக வளரும் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எப்படிப் பொறுப்பது? கராஜில் கைக்கு அகப்பட்டது ஒரு பழைய பூட்டு. கயிறு தேடும்போதுதான், போன கேதாரகௌரி விரதத்துக்குக் கோயிலில் கட்டிய காப்பு நூல் என் மணிக்கட்டில் இருப்பது கண்ணில் பட்டது. அம்மனின் நூல் காய்க்கும் காவல்தானே என்று கும்பிட்டுக் கழற்றிக் கட்டினேன்.

பின்னேரம் வேலையால் வந்தபோது காய் நிலத்தில் கிடந்தது. நூல் அறவில்லை, காம்புதான் அறுந்திருந்தது. மகள் பூட்டை நூலோடு சமையலறை மேசையில் வைத்தாள்.

“அப்பா, உங்கட காப்பு எங்க?”

கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டேன். குளிக்கும்போது கழன்றுவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மன் நூல் முன்னால் கிடக்கப் பொய் வரவில்லை. வாளி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

“அந்தத் தண்ணியும் நீங்களோ? சீரியஸ்லி, அப்பா?”

அவள் கண் கலங்கியது. கொடியில் அப்போது வேறு காய் இல்லை. காய் இல்லையென்றால் அறையும் இல்லையே. மனைவி பூட்டைத் தூக்கிப் பாரம் பார்த்தாள்.

“வளத்தது அவள், முறிச்சது நீங்கள். அவள் தனிய இருப்பாள். உங்களைத்தான் தனிய விடேலாது.”

மகள் கண்ணைத் துடைக்க முதலே சிரித்துவிட்டாள்.

செப்ரெம்பரில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். கொடியில் இன்னொரு காய் கொக்கிபோல வளைந்து தொங்கியது. படம் எடுத்து அனுப்பி, சின்னக் கல் ஒன்று கட்டட்டோ என்று கேட்டேன். தொடவேண்டாம் என்று பதில் வந்தது. அந்த வளைந்த காயையே கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மன் முன் வைத்து மன்னிப்புக் கேட்டேன். ஐயர் காப்பைத் திரும்ப என் கையில் கட்டிவிட்டார். மனைவி பக்கத்தில் நின்று, இன்னும் இரண்டு முடிச்சுப் போடச் சொன்னாள்.