ஒல்லியானவர்களின் கணையம்

இரவு முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர்களின் கணையம் விடிகாலையிலேயே ஏன் அவ்வளவு மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது? இதைத்தான் இபு கினாசி எங்களிடம் கேட்டார்.

இபு கினாசி இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் கணையத்தை ஆராய்கிறவர்; பெண்களை இபு என்றும் ஆண்களைப் பாக் என்றும் மரியாதையாக அழைப்பது எங்கள் வழக்கம். பிறந்தது எங்கள் குலோன் புரோகோ பக்கம்தான். அவருடைய அப்பா தென்னை ஏறி, பதநீர் இறக்கி, வெல்லம் காய்ச்சியவர். எலும்பும் தோலுமாக இருப்பாராம். "சர்க்கரை வியாதியெல்லாம் தொந்திக்காரங்களுக்கு வர்றது. உங்களுக்கு வயித்துல பூச்சி" என்று ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தே அனுப்பியிருக்கிறார்கள். கால் அழுகிய பிறகுதான் உண்மை தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

எங்களைப் போன்ற ஒல்லியானவர்களில் பலருக்குக் கணையம் சீக்கிரமே களைத்துவிடுகிறது, இனிப்பு உள்ளே போனால் இன்சுலினைத் தாமதமாகவும் குறைவாகவும் சுரக்கிறது என்பது இபுவின் கணிப்பு. அதைச் சோதிக்க எங்கள் ஊரில் மரம் ஏறுகிறவர்களிடம் ரத்தம் எடுக்க வந்தார். பள்ளி முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த நானும் கை நீட்டினேன்.

வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம். பிறகு குளுக்கோஸ் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மறுபடி ரத்தம். அவ்வளவுதான் வேலை. ஆனால் பலருக்கு வெறும் வயிற்று ரத்தத்திலேயே சர்க்கரையும் இன்சுலினும் ஏறியிருந்தன. "ஊர்க்காரங்க பொய் சொல்றாங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா ஆராய்ச்சியை மூடிடலாம்" என்று இபுவின் துறைத் தலைவர் சொல்லிவிட்டாராம்.

ரத்தம் எடுத்த இடமான ஊர்த்தலைவர் வீட்டுக்கு இபு மீண்டும் வந்து எங்களைக் கூட்டினார். உட்காரவில்லை. கூடத்தில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே, அன்று யாராவது எதையாவது சாப்பிட்டோமா என்று கேட்டார்.

"சத்தியமா ஒண்ணும் சாப்பிடல இபு" என்றார் மரமேறி பாக் சுகெங். "ஒரு வாய் சோறு கேட்டேன், என் பொண்டாட்டி அகப்பையைத் தூக்கிட்டு வந்துட்டா!"

எல்லோரும் சிரித்தோம். இபு சிரிக்கவில்லை.

ஊர்த்தலைவரின் மனைவி இபு தர்மி, மூடி போட்ட கண்ணாடித் தம்ளரில் தேநீரை அவர் முன் வைத்தார். "மொங்கோ, குடிங்க."

இபு கினாசி எடுத்து ஒரு வாய் குடித்தார். அப்படியே நின்றுவிட்டார். தம்ளரின் அடியில் கல்கண்டு கரைந்துகொண்டிருந்தது.

"அன்னைக்குக் காலையில இவங்களுக்கும் இதைக் குடுத்தீங்களா?"

"பின்னே? ஊசி குத்திக்க வந்தவங்களைத் தொண்டை காய உட்கார வைப்பேனா? நீங்க சாப்பிடக் கூடாதுன்னுதானே சொன்னீங்க. இது டீதானே!"

"அடுத்த தடவை டீ வேண்டாம் இபு தர்மி."

இபு தர்மியின் முகம் சுருங்கியது. "வந்தவங்க முன்னாடி டீ வைக்காத வீடுன்னு பேர் எடுக்கணுமா நான்? வேற வீடு பாருங்க."

வேறு வீட்டிலும் தேநீர் வரத்தான் செய்யும். இபு முற்றத்துக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். பிறகு வாசலில் நின்று சொன்னார்: "டீ வைங்க. ஆனா நான் தலையாட்டுற வரைக்கும் மொங்கோ சொல்லாதீங்க."

'எடுத்துக்கோங்க' என்று பொருள்படும் அந்த வார்த்தையை வீட்டுக்காரர் சொல்லாமல் எங்கள் ஊரில் யாரும் தம்ளரைத் தொடமாட்டார்கள்.

"என் வாயை மூடணுமா? அது என் புருஷனாலேயே முடியலயே!" என்றார் இபு தர்மி. ஆனால் ஒப்புக்கொண்டார்.

மறுமுறை தேநீர் வரிசையாக எங்கள் முன் ஆறிக்கொண்டிருந்தது. நடுவில் உள்ளே வந்த ஊர்த்தலைவர் எங்களைப் பார்த்ததும் "மொங்..." என்று ஆரம்பித்தார். இபு தர்மி பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

"கல்யாணத்தன்னைக்கே இதைச் செஞ்சிருக்கணும்" என்றார் பாக் சுகெங்.

கடைசி ஊசி எடுத்ததும் இபு தலையாட்டினார்.

இந்த முறை வெறும் வயிற்று ரத்தத்தில் இன்சுலின் ஏறியிருக்கவில்லை. குளுக்கோஸ் குடித்த பிறகோ, மரமேறிகள் பலருக்கு இன்சுலின் தாமதமாகவும் குறைவாகவுமே சுரந்திருந்தது. இபுவின் கணிப்பு சரி. ஆராய்ச்சி தொடர்ந்தது. அவர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவரோ நேராக பாக் சுகெங் வீட்டுக்குப் போனார்.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கு பாக்."

"எனக்கா? என் விலா எலும்பைப் பாருங்க இபு!"

"எங்கப்பாவும் இப்படித்தான் சட்டையைத் தூக்கிக் காட்டினார். நீங்க காலைக் காட்டுங்க."

இபு தரையில் உட்கார்ந்து விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். புண் எதுவும் இல்லை. அப்போதுதான் இபுவுக்கு மூச்சே வந்தது.

உங்கள் வீட்டிலும் ஒல்லியாக ஒருவர் இருக்கலாம். அடிக்கடி தாகம் எடுக்கிறது என்பார், நமக்கெல்லாம் அந்த வியாதி வராது என்பார். அவரிடம் இதைச் சொல்லுங்கள். கேட்டவரை இன்னொருவருக்கும் சொல்லச் சொல்லுங்கள்.