தாய்மாமன் சண்டையைத் தாங்கிய லேப்டாப்

இன்று நான் லேப்டாப் வாங்கிவிட்டேன், நண்பர்களே!

வாங்கிய கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு பிரஸ்காரர் ஆர்டர் தருவார், நான் ஃபைலாகச் செய்து கொடுப்பேன். மின்வெட்டு வந்த பிறகு என் பிழைப்பு நாறிவிட்டது. எதைத் தொட்டாலும் தாமதம்.

நேற்று அவர் போனிலேயே சொல்லிவிட்டார்.

"யம்மா, நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அந்தப் பரவை பார்ட்டி ஃபைல் வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன். கோவிச்சுக்கிறாத."

பரவை பார்ட்டி என்றால், மதுரைக்குப் பக்கத்தில் பரவை மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் முருகேசன் அண்ணன். மகளுக்குக் கல்யாணம். இன்று காலையில் ப்ரூஃப் பார்க்க வந்தார். தனியாக வந்தாரா? இல்லை! மச்சினன்மார் இரண்டு பேர் (பெண்ணின் தாய்மாமன்கள்), தன் தங்கச்சி என்று ஒரு படையோடு வந்தார்.

பத்திரிகை அடித்தவர்களுக்குத் தெரியும். ப்ரூஃப் என்பது எழுத்துப்பிழை பார்ப்பது அல்ல. யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று குடும்பமே உட்கார்ந்து மல்லுக்கட்டுவது.

மல்லுக்கட்டு சூடு பிடித்த நேரம் கரண்ட் போனது. யு.பி.எஸ். கீ கீ என்று கத்திவிட்டு அடங்கியது. காலையிலிருந்து செய்த திருத்தம் எல்லாம் அம்பேல்!

"எப்பம்மா கரண்டு வரும்?" என்றார் முருகேசன் அண்ணன்.

"சாயங்காலம் ஆயிரும்ணே."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுது முடித்ததும் ஒரு வெறி வந்தது. எப்படியும் இந்த மாதம் ஒரு லேப்டாப் வாங்குவதாகத்தான் இருந்தேன். அதை இன்றைக்கே வாங்கினால் என்ன?

"எந்திரிங்கண்ணே. எல்லாரும் கெளம்புங்க. மிச்சத்தைக் கடையில வச்சுப் பாப்போம்!"

தக்காளி ஏற்றும் அவருடைய குட்டி லாரியிலேயே டவுன்ஹால் ரோட்டில் போய் இறங்கினோம். (அவர் தங்கச்சி முன் சீட்டில். நானும் மாமன்களும் பின்னால், காலிக் கூடைகளோடு!)

கடையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சேல்ஸ் தம்பி இத்தனை பேரைப் பார்த்ததும் நேராக இருப்பதிலேயே பெரிய லேப்டாப்பிடம் கூட்டிப்போனார்.

"அக்கா, இதுல கேம் ஆடலாம், தியேட்டர் மாதிரி படம் பாக்கலாம், சவுண்டு சும்மா அதிரும்!"

"தம்பி, எனக்கு டிசைன் சாப்ட்வேர் ஓடணும், தமிழ் ஃபான்ட் ஓடணும். அம்புட்டுத்தேன்."

சி.டி.யையும் பென்டிரைவையும் நீட்டினேன். சாப்ட்வேரை ஏற்றிக் கொடுத்தார். நேற்றைய ஃபைல் திறந்தது. பேட்டரி முழுதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

"இப்ப சார்ஜரை உருவுங்க."

"எதுக்குக்கா?"

"வீட்ல கரண்டு இல்லாமத்தான வேலை பாக்கப் போறேன்? அப்படியே பாத்துருவோம்."

ஸ்டூல்களை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். சண்டை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது.

சின்ன மாமனுக்குப் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட வேண்டும். பெரிய மாமன் கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். படிப்பு கிடையாது.

"அவனுக்கு பி.ஏ. போட்டா எனக்குத் தொழிலதிபர்னு போடு!"

"பட்டறை வச்சவன்லாம் தொழிலதிபராண்ணே?"

"டேய், நீ மொதல்ல பி.ஏ. பாஸ் பண்ணியாடா?"

கடையே திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்துப் பேட்டரி தீர்ந்து பெரிய ஸ்கிரீன் கருப்பானது.

"படம் முடிஞ்சிருச்சு தம்பி," என்றேன்.

தம்பியின் முகம் தொங்கிவிட்டது. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று சிவனே என்று இருந்தது. அதைக் காட்டினேன்.

"அது சும்மா ஆபீஸ் மாடல்க்கா. கொஞ்சம் ஸ்லோ. விலையும் கம்மிதான்."

"விலை கம்மியா? மொதல்லயே அதைச் சொல்ல மாட்டீகளா!"

மறுபடி சாப்ட்வேர், மறுபடி ஃபான்ட், மறுபடி சார்ஜரை உருவு. கொட்டாவி விட்டுக்கொண்டேதான் திறந்தது. ஆனால் திறந்தது!

இரண்டாவது ரவுண்டில் முருகேசன் அண்ணனின் தங்கச்சியும் இறங்கினார். "எம் பேரு மட்டும் ஏன் எறும்பு சைசுல இருக்கு?"

பிரிண்டர் வாங்க வந்த யாரோ ஒருவர், "மூத்த மாமன் பேருதான சார் மொதல்ல வரணும்?" என்று உள்ளே புகுந்தார்.

"நீங்க யாரு சார்?" என்று சின்ன மாமன் அவர் மேல் பாய்ந்தார்.

கடைக்காரர் எல்லோருக்கும் டீ வரவழைத்தார். எனக்கு ஒரு கண் பெயர்கள் மேல், இன்னொரு கண் பேட்டரி மேல். மணி நாலைத் தாண்டிவிட்டது.

கடைசியில் அந்தத் தங்கச்சிதான் கத்தினார்.

"ரெண்டு பேருக்கும் வெறும் பேரு போடும்மா! பட்டமும் வேணாம், பதவியும் வேணாம். நடக்கப்போறது புள்ளை கல்யாணமா, எலெக்சனா?"

மாமன்கள் இருவரும் தலையாட்டினார்கள். நான் பெயர்களை அடித்தேன், சேவ் செய்தேன், பென்டிரைவில் ஏற்றினேன். பேட்டரியில் இன்னும் மிச்சம் இருந்தது!

"புது பாக்ஸ் எடுத்துத் தாரேன்க்கா," என்றார் தம்பி.

"வேணாம். இந்தப் பீஸையே குடுங்க. இது சண்டையைத் தாங்குன பீஸு!"

பில் போடும்போது தம்பி மெதுவாகக் கேட்டார். "அக்கா, தை மாசம் எனக்குக் கல்யாணம். பத்திரிகை நீங்களே பண்ணித் தாரீங்களா?"

"பொண்ணுக்கு எத்தனை தாய்மாமன்?"

"அஞ்சு பேருக்கா."

"அப்ப எக்ஸ்ட்ரா பேட்டரி ஒண்ணு எடுத்து வைங்க தம்பி!"

அதே லாரியில் பிரஸ்ஸுக்குப் பறந்தோம். பிரஸ்காரர் கடிகாரத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார். இன்னும் அஞ்சு ஆகவில்லை.

"என்னம்மா, கரண்டு இல்லைன்னு சொல்லத்தான் வந்தியா?"

"கரண்டு இல்லதேண்ணே. ஃபைல் இருக்கு."

அவர் பென்டிரைவை வாங்கிக்கொண்டார். டிராயரைத் திறந்து அடுத்த முகூர்த்தத்து ஆர்டர்களை எடுத்து என் கையில் வைத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை!

மதுரையில் கரண்ட் இல்லாமல் பத்திரிகை முடித்துக் கொடுக்கும் ஒரே ஆள் நான்தான். மறுப்பவர்கள் தாராளமாகக் கமெண்டில் வரலாம்.

(உங்கள் வீட்டில் கரண்ட் இருந்தால்!)