முப்பத்திரண்டு ஜன்னல் கதவுகள்

அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். ஓய்வுபெற்று வந்த சொல்தாக்கள் எல்லோரும் ஊருக்குள் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் காலாப்பட்டில் முந்திரித் தோப்புக்கு நடுவே கிடந்த ஒரு பழைய ஓட்டு பங்களாவை வாங்கி, லாட்ஜ் என்று பலகை மாட்டினார். ஆறு அறைகள், ஒரு கூடம். பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர்களும் சென்னை பஸ்ஸைத் தவறவிட்டவர்களும் அங்கே தங்கினார்கள். அப்பா படுக்கையில் விழுந்ததும் அதைப் பூட்டினோம். ஒன்பது வருஷம் யாரும் திறக்கவில்லை.

அப்பா இறந்து மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், பாரிஸிலிருந்து அண்ணன் போன் செய்தார். "அதை வித்துடலாம். நீ ஒரு புரோக்கரைப் பாரு." எனக்கும் ஆட்சேபணை இல்லை. அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. ஊருக்குள் சாரம் பகுதியில் தனியாக இருந்தேன். பள்ளியில் கணக்கு டீச்சர். லாட்ஜை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

புரோக்கர் பூட்டை உடைத்துத்தான் உள்ளே போக முடிந்தது. இரண்டு அறைகளில் கூரை சரிந்து, தரையெல்லாம் ஓட்டுச் சில்லு. அவர் வாசலிலேயே நின்றபடி, "இதுல ஒண்ணும் இல்லைம்மா. நிலத்துக்குத்தான் விலை" என்றார்.

அவர் சொன்னது தவறு இல்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒன்றும் இல்லையா? உள்ளே போய்ச் சுவர்களைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றரை முழச் சுவர். ஓரிடத்தில்கூட உள்ளே பொள்ளல் இல்லை. சிமெண்ட் தரையில் ஒரு வெடிப்பு இல்லை. அன்று மாலையே அண்ணனுக்குப் போன் போட்டு, நான் இதைச் சரிசெய்யப் போகிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "கிறிஸ்துமஸுக்கு வர்றேன். அதுவரைக்கும் என்ன பண்ணணுமோ பண்ணிக்கோ. அப்புறம் வித்துடலாம்" என்றார்.

கையில் நாலு மாதம் இருந்தது. முதலில் கூரை. தட்டாஞ்சாவடியில் மரப்பட்டறை வைத்திருக்கும் ஒருவரைப் பற்றி உடன் வேலை செய்யும் டீச்சர் சொன்னார். ஒரு சனிக்கிழமை அந்தப் பட்டறைக்காரர் வந்தார். நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று வயது இருக்கும். காதோரம் நரை. "வாங்க பாய்" என்றேன், ஊரில் முஸ்லிம் ஆண்களை எல்லோரும் அழைப்பதுபோல. அவர் நேராக ஏணியில் ஏறி ஒவ்வொரு சட்டத்தையும் திருப்புளியால் குத்திப் பார்த்தார். இறங்கி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

"மொத்தத்தையும் மாத்தணும்னுதான் எல்லாரும் சொல்வாங்க டீச்சர். ஆனா முக்கால்வாசி நல்லாத்தான் இருக்குது. நல்ல மரத்தை எதுக்கு அடுப்புல போடணும்?"

அவரிடமே வேலையைக் கொடுத்தேன்.

பள்ளி விட்டதும் பஸ் பிடித்து ஓடுவேன். ஞாயிறு என்றால் காலைப் பூசை முடிந்த கையோடு போவேன். சும்மா நின்று வேடிக்கை பார்க்க எனக்கு வராது. ஓடு மாட்டக் கற்றுக்கொண்டேன். கூரையின் கீழ் விளிம்பான இறவாரத்திலிருந்து தொடங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும்படி மேலே மேலே போக வேண்டும். மூன்றாம் எண் அறையின் கிழக்குச் சரிவு முழுவதும் என் கையால் மாட்டியது. சுடிதாரின் மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கூரை மேல் உட்கார்ந்திருந்த என்னைச் சாலையில் போன என் மாணவர்களே பார்த்து, பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. தீபாவளி மழைக்கு நாலு நாள் முன்பு முகட்டு ஓடு பூசி முடித்தோம்.

எங்களுக்குள் சண்டை வந்தது ஜன்னல்களால். பதினாறு ஜன்னல்; ஒவ்வொன்றுக்கும் சாய்வான பலகைகள் அடுக்கிய இரண்டு கதவு. எல்லாம் இற்றுப்போயிருந்தன. முப்பத்திரண்டையும் புதிதாகச் செய்ய வேண்டும். நான் நோட்டில் ஒவ்வொரு ஜன்னலையும் தனித்தனியாக மில்லிமீட்டரில் அளந்து எழுதிக் கொடுத்தேன். பழைய கட்டடம், ஒன்றுபோல் ஒன்று இல்லை. அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இவ்ளோ வேணாம் டீச்சர். ஒரே அளவுல செஞ்சுட்டு வந்து இங்க இழைச்சுக்கலாம்."

"இழைச்சா பலகைச் சாய்வு மாறிடும் பாய். நான் எழுதினபடியே செய்ங்க."

"இருபது வருஷமா இதான் என் தொழிலு."

"பதினாறு வருஷமா இதான் என் தொழிலும்" என்றேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் எட்டுக் கதவுகளை அவர் இஷ்டப்படியே செய்து கொண்டுவந்தார். ஐந்து பொருந்தவில்லை. அவரே வேலையாட்களைக் கூப்பிட்டு எட்டையும் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார். போகும்போது என்னிடம் வந்து, "அந்த நோட்டைக் குடுங்க" என்றார். அடுத்த வாரம் வந்த எட்டும் நோட்டில் இருந்த அளவு. ஒவ்வொன்றும் கீல் மாட்டியதும் விரலால் தள்ள மூடிக்கொண்டது. வேலையாட்கள் எல்லோர் முன்னாலும், "டீச்சர் அளவுதான் சரி. நான்தான் தப்பு பண்ணிட்டேன்" என்றார். அப்படி வெளிப்படையாகச் சொல்லும் ஆம்பளையை நான் அதுவரை பார்த்ததில்லை.

டிசம்பர் பிறந்ததும் கடல்காற்று ஈரமாகவும் குளிராகவும் வீசத் தொடங்கியது. சாயங்காலம் ஐந்தரைக்கே தோப்பு இருட்டிவிடும். ஒன்பது வருஷ ஈரம் உள்சுவர்களை விட்டுப் போகவில்லை. சுண்ணாம்பு அடிக்க முடியவில்லை. அவர் பட்டறையிலிருந்து மூட்டை மூட்டையாக மரத்தூள் கொண்டுவந்தார். தகர டின்களில் அதை இடித்துத் திணித்து, நடுவில் ஓட்டை விட்டு, அறைக்கு ஒன்றாக மரத்தூள் அடுப்பு மூட்டினோம். மணிக்கணக்கில் தணலாக நின்று எரியும். கூடத்தில் ஒரு அடுப்பின் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டு, பெயிண்ட் அடிக்க வேண்டிய கதவுகளை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்வோம். வேலையாட்கள் பின்கட்டில் இருப்பார்கள்.

அவர் அம்மா தினமும் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொடுத்தனுப்புவார். ஒருநாள் இடியாப்பமும் பாயாவும். குளிரில் அந்தச் சூடான பாயாவைக் குடித்தபோது, "உங்க அம்மா கைக்கு என்ன வேணா குடுக்கலாம்" என்றேன்.

"அவங்க உங்களைத்தான் கேக்குறாங்க. கூரை மேல ஏறுற டீச்சரை எப்ப கூட்டிட்டு வரேன்னு."

அவர் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. அதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். நான் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அவர் கேட்காமலே நானும் சொன்னேன். அம்மாவுக்கு நோய், அப்புறம் அப்பாவுக்கு. யாரும் என்னைத் தடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவர் பிரஷ்ஷை டின்னின் விளிம்பில் வழித்துக்கொண்டே இருந்தார்.

"பாய், பச்சை தீரப் போகுது. இன்னொரு டின் உடைங்க" என்றேன்.

அவர் எழவில்லை. "இனிமே என்னைப் பாய்னு கூப்பிடாதீங்க டீச்சர்."

"ஏன்? கோவமா?"

"கோவம் இல்ல. உருதுல பாய்னா அண்ணன்னு அர்த்தம்."

புரிய எனக்குச் சில நொடி பிடித்தது. புரிந்ததும் காதெல்லாம் சுட்டது. கையில் இருந்த கதவுக்கு இரண்டாவது முறை அடித்த இடத்திலேயே மூன்றாவது முறையும் பெயிண்ட் அடித்தேன். பிறகு, "சரி, கூப்பிடலை" என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசியது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அன்றைக்கு ஆறு கதவு முடித்தோம்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு அண்ணன் வந்து இறங்கினார். மறுநாளே, நிலம் வாங்க ஆள் வருகிறார் என்று சொல்லி என்னை அழைத்துக்கொண்டு காலாப்பட்டுக்குக் கிளம்பினார். முகப்பில் நான் நட்சத்திர விளக்கு கட்டியிருந்தேன். நாங்கள் போய்ச் சேரவும் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. தோப்பே தெரியாமல் அடித்தது. வாங்க வந்தவர் கூடத்தில் நின்றபடி, இடித்துவிட்டு என்னென்ன கட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் அதைக் கேட்கவில்லை. அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அண்ணன் தனியாக ஒவ்வொரு அறையாகப் போனார். ஜன்னல் கதவுகளைத் திறந்து, மூடி, மறுபடி திறக்கும் சத்தம் கேட்டது. மூன்றாம் எண் அறையில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். விற்க வேண்டாம் என்று சொல்லப் பிரசங்கமே தயாரித்து வைத்திருந்த நான் அறை வாசல்வரை போய் நின்றேன்.

"இதெல்லாம் யார் செஞ்சது?" என்று கேட்டார்.

"நாங்க."

"நாங்கன்னா?"

அந்த இன்னொருவர் அப்போதுதான் நனைந்தபடி பின்வாசல் வழியாக வந்து நின்றார், மழையில் கூரை எப்படி இருக்கிறது என்று பார்க்க. "இவரும் நானும்" என்றேன். சொன்ன விதத்தில் அண்ணனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகம் இறுகியது.

"ஊர் என்ன பேசும்னு யோசிச்சியா?" என்றார்.

"யோசிச்சேண்ணே. பேசட்டும். நான் கூரை மேல ஏறினப்பவும் பேசிச்சு."

அண்ணன் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேட்டார்: "மேல ஏறினாளா?"

"இந்த அறை கூரை அவங்க போட்டதுதான் சார்" என்றார் அவர்.

அண்ணன் எழுந்து போய், வாங்க வந்தவரிடம் நாற்காலியைக் காட்டி, மழை விட்டதும் புறப்படுங்கள், இது விற்பதற்கில்லை என்று மரியாதையாகச் சொன்னார். எங்கள் கல்யாணத்தை அண்ணன் அன்று ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள இன்னும் ஒரு மாதம் ஆனது, போனில், அரைமனதாக. ஆனால் லாட்ஜை என் பொறுப்பில் விடும் பத்திரத்தில் பாரிஸுக்குத் திரும்புவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மாசியில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. அவர் பள்ளிவாசலுக்குப் போகிறார், நான் கோயிலுக்குப் போகிறேன். யாரும் மாறவில்லை. மாமியார் அன்று சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்களிடமெல்லாம், "என் மருமக கூரை போடுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இது நாங்கள் திறந்த மூன்றாவது குளிர்காலம். நேற்றுச் சேலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் அப்பா காலையில் டீ டம்ளரோடு நின்று, "பழைய கட்டடத்தை அப்படியே நல்லா வெச்சிருக்காங்க" என்று மனைவியிடம் சொன்னார். அப்படியே ஒன்றும் இருக்கவில்லை, ஐயா. வரவேற்பு மேசையிலிருந்து எழுந்து போய், எங்கெங்கே என்னென்ன செய்தோம் என்று அரை மணி நேரம் அவரை நிறுத்திவைத்துச் சொன்னேன். டீ ஆறிப்போனது. இன்னொன்று போட்டுக் கொடுத்தேன்.